பத்து மீட்டரில் நில்

முதல் ஜிபிஎஸ் எது வாங்கலாம் என்று கேட்டு இன்னும் எனக்கு போன் வருகிறது. என் பதில் ஒன்றுதான். பொத்தான் வைத்ததை வாங்குங்கள். திரையைத் தடவுகிற வகை வேண்டவே வேண்டாம். ஈரக்கையை அது மதிக்காது. மழையோ வியர்வையோ ரத்தமோ, அதற்கு எல்லாம் ஒன்று. ரத்தம் என்று சும்மா பயமுறுத்தவில்லை. பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

நான் முருகேஸ்வரி. மறையூரில் சுற்றுலா வருகிறவர்களுக்குக் காட்டுப்பாதை காட்டுவது என் வேலை. தம்பி லோகேஷ் ஜீப் ஓட்டுகிறான். எங்களுக்குள் ஒரு வயதுதான் வித்தியாசம். பீர்மேட்டு எஸ்டேட் லயத்து வீட்டில் ஒரே பாயில் அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள். அவன் என்னை அக்கா என்று கூப்பிட்டதே கிடையாது. “ஏய் முருகி”தான்.

ஜியோகேச்சிங் பைத்தியம் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தே பிடித்தது. யாரோ ஒரு ஆள் காட்டில் சின்ன டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் போடுவார். அட்சரேகை ஒன்று, தீர்க்கரேகை ஒன்று. நாம் ஜிபிஎஸ்ஸை வைத்துத் தேடிப்போய், டப்பாவுக்குள் இருக்கும் நோட்டில் பேர் எழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. “இதுக்கா ரெண்டு கழுதையும் காடு காடா அலையுது?” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

போன் எங்கள் மலையில் பாதி இடத்தில் செத்துப்போகும். அதனால் தனிக் கருவி வாங்க முடிவு செய்தோம். லோகேஷ் பெரிய தொடுதிரை வேண்டும் என்றான். நான் பொத்தான் என்றேன். மூன்று நாள் சண்டை. கடைசியில் நானே பீர்மேட்டுக்கு பஸ் ஏறி, எஸ்டேட்டில் நிலம் அளந்து ஓய்வுபெற்ற ஒரு சர்வேயரிடமிருந்து பழைய மஞ்சள் கருவி ஒன்றை வாங்கி வந்தேன்.

அது ஒரு மாதம் என் மானத்தை வாங்கியது. எந்த டப்பாவைத் தேடினாலும் அது சொன்ன இடத்திலிருந்து இருநூறு மீட்டர் தள்ளித்தான் இருந்தது. செல் மாற்றினேன். மரமில்லாத வெட்டவெளியில் நிறுத்திப் பார்த்தேன். திசைகாட்டி சரியாக வேண்டும் என்று கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு கோயில் சுற்றுகிறவள் மாதிரி சுற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. சர்வேயர் அதைப் பழைய நில வரைபடத்தின் அளவுகோலில் வைத்திருந்தார். இணையத்தில் வரும் எண்களுக்கு அளவுகோல் வேறு. ஒரே எண்தான், ஆனால் இந்த அளவுகோலில் ஒரு இடம், அந்த அளவுகோலில் இன்னொரு இடம். அதைத் திருத்தும்போதும் முதல் முறை தலைகீழாகத் திருத்திவிட்டேன். புள்ளி எதிர்ப்பக்கம் இருநூறு மீட்டர் ஓடிவிட்டது. லோகேஷ் சிரித்த சிரிப்பில் ஜீப் ஆடியது.

இதையெல்லாம் வீடியோ எடுத்துப் போட்டேன். யாருக்காவது உதவுமே என்றுதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அந்த வீடியோவின் கடைசியில் ஒரு விதி சொல்லியிருப்பேன். தூரம் பத்து மீட்டர் என்று காட்டியதும் நில். கருவியைப் பையில் போடு. கண்ணால் தேடு. ஏனென்றால் எந்த ஜிபிஎஸ்ஸும் பத்து மீட்டர் பொய் சொல்லும், நம் காலோ பொய் தாங்காது. லோகேஷ் ஒரு நாளும் இதைக் கேட்டதில்லை. பூஜ்யம் வரும்வரை திரையைப் பார்த்துக்கொண்டே ஓடுவான். எத்தனை முறை சட்டையைப் பிடித்து இழுத்திருப்பேன்!

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் எண்ணிலிருந்து போன் வந்தது.

“அக்கா, மொட்டைப்பாறைக்குக் கீழ ஜீப்பு நின்னுபோச்சு. உன் மஞ்ச டப்பாவ எடுத்துட்டு வா. தனியா வா.”

அக்கா என்றான். ஏதோ விபரீதம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. யாரிடமாவது சொல்லலாமா என்று யோசித்தேன். தனியா வா என்று அவன் சொன்ன குரலை நினைத்ததும் சொல்லத் தைரியம் வரவில்லை. மஞ்சள் ஜிபிஎஸ்ஸைப் பையில் போட்டுக்கொண்டு, கரும்புத் தோட்டத்து வழியாக ஸ்கூட்டியை விரட்டினேன்.

ஜீப்பின் முன்பக்கக் கம்பியில் லோகேஷைக் கட்டியிருந்தார்கள். முகம் வீங்கி ஒரு கண் மூடிப்போயிருந்தது. இடது கையை பானெட்டின் மேல் பரப்பி வைத்திருந்தார்கள். அதில் சுண்டுவிரல் இல்லை. பச்சைப் பெயின்ட்டில் ரத்தம் கோடுகோடாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் கத்துவதற்குள் பின்னாலிருந்து ஒருவன் என் தலைமுடியைப் பிடித்து ஜீப் கதவில் மோதினான். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது.

“சேச்சி, ஒச்ச வைக்கண்டா” என்றான் அவன், சத்தம் போடாதே என்று மலையாளத்தில். பெயர் ஜோமோன் என்று பிறகு தெரிந்தது.

எதிரில் அரிவாளோடு நின்றவனைத் தெரியும். மணிகண்டன். சந்தனமரம் வெட்டி இரண்டு முறை உள்ளே போய் வந்தவன். அவன் கையில் புத்தம் புதுத் தொடுதிரை ஜிபிஎஸ் இருந்தது.

“உன் வீடியோ பாத்தேன்” என்றான். “நான் ஜெயிலுக்குப் போறதுக்கு முன்னால எங்க கூட்டாளி ஒருத்தன் இருவது சந்தனக் கட்டைய ஒளிச்சு வச்சுட்டு, நம்பர எழுதிக் குடுத்தான். மறுவாரமே யானை மிதிச்சுச் செத்தான். நம்பர அடிச்சா இந்த மொட்டப் பாறைக்குத்தான் வருது. நான் வெளிய வந்து ஒரு வாரமாத் தோண்டுறோம், மசிரு கூட இல்ல. நீ சரிபண்ணு. ஒரு தடவ தப்பாச்சுன்னா உன் தம்பிக்கு ஒரு விரலு. விரலு தீந்துச்சுன்னா கழுத்து.”

“முதல்ல அவன் கைய அவுத்துக் கட்டுப்போட விடுறா நாயே” என்றேன். என் வாய் அப்படித்தான், எந்த நேரத்திலும் அடங்காது.

மணிகண்டன் திரும்பிப் பார்க்காமலே அரிவாளை இறக்கினான். லோகேஷின் மோதிரவிரல் பானெட்டில் உருண்டு கீழே விழுந்தது. லோகேஷ் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் பேசியதற்கு அவன் விரலைக் கொடுத்தான். அதை நான் மறக்கப்போவதில்லை.

“இப்ப பாரு” என்று கருவியை என்னிடம் நீட்டினான் மணிகண்டன்.

வாங்கினேன். திரையெல்லாம் ரத்தம். தடவினால் ஒன்றும் அசையவில்லை. துப்பட்டாவில் துடைத்தேன், மறுபடி தடவினேன், அசையவில்லை. என் விரலிலும் ரத்தம். ஜோமோன் என் விலாவில் ஒரு குத்து விட்டான். மண்ணில் கையைத் தேய்த்துக் காயவைத்து, மூன்றாவது முறை தொட்டபிறகுதான் அது எழுந்தது.

சாட்டிலைட் சரியாக இருந்தது. செல் புதுசு. காகிதத்தில் இருந்த எண்ணும் கருவியில் இருந்த எண்ணும் ஒன்றுதான்.

“செத்தவன் எந்த ஜிபிஎஸ்ல நம்பர் எடுத்தான்?”

“பீர்மேட்டு சர்வேயர் கிட்ட நிலம் அளக்கச் செயின் பிடிச்சவன் அவன். அவரு டப்பாவத்தான் இரவல் வாங்குவான்.”

என் மஞ்சள் டப்பா. என்னிடம் வருவதற்கு முன் அதில்தான் அவன் எண் எடுத்திருக்கிறான், பழைய அளவுகோலில். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கட்டைகள் வடமேற்கே இருநூறு மீட்டரில், சந்தனக்காட்டுக்குள் இருக்கின்றன. ஒரு நிமிட வேலை.

ஆனால் கட்டை கிடைத்தபிறகு? நாங்கள் இருவரும் அவர்கள் முகத்தைப் பார்த்தவர்கள். உயிரோடு விடமாட்டார்கள் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை. வடமேற்கில் எங்கள் குழி. தென்கிழக்கில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். தைலப்புல். ஆள் உயரப் புல். அந்தப் புல் முடிகிற இடத்தில் பாறை அறுந்து அறுபது அடி இறங்குகிறது. எந்த அடியில் அறுகிறது என்று மேலே நிற்கிறவனுக்குத் தெரியாது.

நான் முதல் மாதம் செய்த அதே தப்பைச் செய்தேன். அளவுகோலை மாற்றி, அது காட்டிய எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, அளவுகோலைத் திருப்பிவைத்து அந்த எண்ணை அடித்தேன். புள்ளி எதிர்ப்பக்கம் போனது. அம்பு தென்கிழக்கைக் காட்டியது.

மணிகண்டன் அம்பையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். “உன் மூஞ்சி சரியில்லையே” என்றான். பிறகு லோகேஷின் கட்டை அவிழ்த்து, இரண்டு கைகளையும் முன்னால் சேர்த்துக் கட்டி, முதுகில் மிதித்துத் தள்ளினான். “இவன் முன்னால நடக்கட்டும்.”

நான் வெட்டிய குழியில் முதலில் விழப்போவது என் தம்பி. தப்பு, மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லலாம். சொன்னால் ஒரு விரல். அப்புறம் வடமேற்கு. அப்புறம் இரண்டு பேருக்கும் கழுத்து.

“தூரத்தச் சத்தமாச் சொல்லிட்டே போ” என்றேன் மணிகண்டனிடம். “நம்பரு தாவுச்சுன்னா நான் சரிபண்ணணும்.”

ஒரே ஒரு நம்பிக்கைதான். லோகேஷுக்குப் பத்து மீட்டர் விதி தெரியும். அவன் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பதும் எனக்குத் தெரியும். முருகா, இன்றைக்கு மட்டும் கேட்கவை என்று வேண்டிக்கொண்டேன்.

புல்லுக்குள் நுழைந்தோம். முன்னால் லோகேஷ், தள்ளாடித் தள்ளாடி. அவனுக்குப் பின்னால் கண்ணைத் திரையை விட்டு எடுக்காமல் மணிகண்டன். கடைசியில் என் முடியைப் பிடித்தபடி ஜோமோன்.

“எம்பது... அறுவது...” என்று மணிகண்டன் சொல்லிக்கொண்டே வந்தான். “முப்பது.”

லோகேஷ் ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தான். திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் நேராகப் பார்த்தான். புரிந்துகொண்டான் என்று நினைத்தேன். என் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

“இருவது. பதினஞ்சு. பத்து.”

லோகேஷ் மடங்கித் தரையில் விழுந்தான்.

“எந்திரிடா!” என்று மணிகண்டன் அவன் இடுப்பில் உதைத்தான். மறுபடி உதைத்தான். பிறகு அவனைத் தாண்டிக் காலை வைத்தான், கண் திரையிலேயே. “எட்டு” என்றான். “ஆறு” என்று சொல்லத் தொடங்கியவன் முடிக்கவில்லை. புல் விலகியது, ஆளைக் காணோம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கீழே பாறையில் தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

ஜோமோனின் பிடி தளர்ந்தது. “எடீ பட்டீ!” என்று மலையாளத்தில் திட்டியபடி இடுப்பிலிருந்த கத்தியை உருவினான். நான் திரும்பி அவன் மணிக்கட்டைக் கடித்தேன். கத்தி என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோடு கிழித்தது. வலிக்கவில்லை. பையிலிருந்த மஞ்சள் டப்பாவை எடுத்து அவன் மூக்கில் அடித்தேன். எலும்பு நொறுங்கியது கையில் தெரிந்தது. அவன் விழுந்ததும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து தாடையில் அடித்தேன். ஒரு விரலுக்கு ஒன்று, இன்னொரு விரலுக்கு ஒன்று, அப்புறம் கணக்கில்லாமல். எனக்கு இரக்கமே வரவில்லை. நன்றாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. அவன் அசைவது நின்றபிறகு, நான் அடிப்பதும் நின்றது.

துப்பட்டாவைக் கிழித்து லோகேஷின் கையைக் கட்டினேன். கயிற்றை அறுத்து, அவனைத் தோளில் இழுத்துக்கொண்டு போய் பழுதே இல்லாத அந்த ஜீப்பில் போட்டு, வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

மணிகண்டனின் பிணத்தை மறுநாள் கயிறு கட்டித் தூக்கினார்கள். ஜோமோன் பிழைத்துக்கொண்டான், தாடைக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள். சந்தனக் கட்டை வடமேற்கில் நான் சொன்ன இடத்தில் இருந்தது. அப்படியானால் அவன் எப்படித் தென்கிழக்கில் போய் விழுந்தான் என்று ஆபீசர் கேட்டார். “ஜிபிஎஸ் தப்பாக் காட்டிருச்சு சார்” என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் லோகேஷ் பேசினான். நான் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, எனக்குள் இருந்த பெருமையையெல்லாம் கொட்டினேன்.

“வாழ்க்கையில மொத தடவையா என் பேச்சக் கேட்டுட்டேலே! கரெக்டா பத்துல விழுந்தியே!”

“பத்தா? என்ன பத்து?”

“மணிகண்டன் சத்தமாச் சொன்னானே. இருவது, பதினஞ்சு, பத்துன்னு.”

“எனக்கு ஒண்ணும் கேக்கல. காதுல ஒரே இரைச்சல். கண்ணு இருட்டிட்டு வந்துச்சு, விழுந்துட்டேன். அவ்வளவுதான்.”

“பொறவு எதுக்குலே திரும்பி என்னப் பாத்த?”

“தண்ணி கேக்கலாம்னு பாத்தேன்க்கா” என்றான். “தாகமா இருந்துச்சு.”

எழுந்து போய் ஜக்கிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். பாதி தரையில் போனது.