செவலையின் வால்முடி

சென்னை ஆய்வகத்திலிருந்து எங்கள் மாட்டின் மரபணுச் சோதனை முடிவு வந்தபோது நான் தேவகோட்டைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். செல்போனில் ஒரே வரி: ஏ2 ஏ2. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன்பு என் மகள் ரீனாவுக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. ஆயுசுக்கும் தினம் நான்கு ஊசி. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது எனக்கு. அப்போதுதான் செல்போன் வீடியோவில் ஒருவன் அடித்துப் பேசினான்: பால் புரதத்தின் மரபணுவில் ஏ1, ஏ2 என்று இரண்டு வகை, நாட்டு மாட்டில் ஏ2, கலப்பின மாட்டில் ஏ1, அந்த ஏ1 பால்தான் பிள்ளைகளுக்குச் சர்க்கரையைக் கொண்டுவருகிறதாம். காரைக்குடி டாக்டர், "அதுக்கு நிரூபணம் இல்ல சார், பாலைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார். படித்த முட்டாள் நான், கேட்கவில்லை.

எங்கள் மாடு செவலை ஜெர்சிக் கலப்பு. ரீனா பிறந்த வருஷம் என் மனைவி ஞானபூரணி தாய்வீட்டிலிருந்து கன்றாக ஓட்டிவந்தது. "நீயே கறந்து, நீயே காய்ச்சி, பிள்ளைக்கு விஷத்தை ஊத்திக் கொடுத்திருக்க" என்று அவளிடம் சொன்னேன். சொன்னேன், இந்த வாயால்தான். மறுவாரம் திருப்பத்தூர் சந்தையில் செவலை அடிமாட்டு லாரியில் ஏறியது. அதற்கு முன் வாலில் கொஞ்சம் முடியை வேரோடு பிடுங்கி ஆய்வுக்கு அனுப்பிவைத்தேன். முடிவை மாமனார் வீட்டார் முகத்தில் விட்டெறிய வேண்டும் என்ற வீம்பு.

அன்றிலிருந்து பூரணி தன் காப்பியில் பால் விடவில்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் பூசைக்கு முன்பே போய், சாமியாரிடம் தன் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் அடுப்படியில் செல்போனை அவளிடம் நீட்டி, "செவலைகிட்ட ஏ1 இல்லவே இல்ல, ரெண்டுமே ஏ2தான்" என்றேன். இரண்டு தடவை வாசித்தாள்.

"அப்ப நான் பண்ணலையா?"

"நீயும் பண்ணல, செவலையும் பண்ணல. நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன், பூரணி."

அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன்.

"பெறகு எதனால வந்துச்சு?"

"தெரியல. டாக்டருக்கே தெரியல."

அவள் செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள். "என் குத்தம்னு நெனச்சு வாராவாரம் மன்னிப்புக் கேட்டேன். ஆண்டவரு மன்னிச்சுட்டா பிள்ளைக்குச் சரியாயிரும்னு இருந்தேன். இனிமே எதைச் சொல்லிக் கேக்கச் சொல்றீக?"

ஊசி நேரம் ஆகியிருந்தது. யாரும் கூப்பிடாமலே ரீனா வந்து, சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள்.