மூன்றாம் மாடியில் ஒரு குடும்பம்

பழைய குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்ட பில்டர் கடன் கேட்டிருந்தார். வீடுகள் காலியா என்று பார்த்துவர வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். மூன்றாம் மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்த பெண்ணிடம், "எல்லாரும் போயிட்டாங்கன்னு பில்டர் சொன்னாரே?" என்றார்.

"பிளான் அப்ரூவல் வந்திருச்சா சார்?"

"இன்னும் இல்லம்மா."

"அது வராம நாங்க எதை நம்பிக் காலி பண்றது? உங்க வீடா இருந்தா கிளம்புவீங்களா?"

அவர் நிரப்பாத வங்கிப் படிவத்தோடு திரும்பினார். படியிறங்கும்போது பில்டர் போனில் வந்தார். "காலின்னு எழுதிடுங்க சார். கடன் வந்தாத்தான் அப்ரூவலுக்கே ஃபீஸ் கட்ட முடியும்."

தெருவில் இரண்டு முறை அங்கும் இங்கும் நடந்தார். பிறகு படிவத்தைக் காரின் மேல் வைத்து, 'ஒரு குடும்பம் வசிக்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். போன் மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை; அதுவும் விடவில்லை.