மன்னிப்புக்கு முன்னால்

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் தனியா நின்னப்ப..."

"தப்புதான்மா. எல்லாம் என் தப்பு. மன்னிச்சிடு."

"நான் இன்னும் சொல்லவே ஆரம்பிக்கலியே."

"சொன்னா உனக்குத்தானே கஷ்டம்?"

"சரி, சாப்பிட வாங்க."

குடியை விட்டு கணவன் வீடு திரும்பிய வாரத்தில் நடந்த இந்தப் பேச்சை அவள் மறக்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ முறை வாயெடுத்தாள். ஒவ்வொரு முறையும் அவன் கண் கலங்கி மன்னிப்புக் கேட்பான். கடைசியில் அவளே அவனைத் தேற்றும்படி ஆகும். மருந்துக்கடையில் நாள் முழுவதும் நின்றுவிட்டு வருகிறவளுக்கு அதற்கும் தெம்பு வேண்டாமா?

ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவன், இப்போது வாரந்தோறும் ஒரு பள்ளி வகுப்பறையில் கூட்டம் நடத்துகிறான். குடியை விட நினைக்கிறவர்கள் வருவார்கள். இன்று டீ ஃபிளாஸ்க்கை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தான். கொடுத்துவிட்டு உடனே திரும்பலாம் என்று போனவளை, வாசலில் நின்ற, கூட்டத்துக்குத் தவறாமல் வரும் பெயிண்டர் ஒருவர் விடவில்லை.

"உக்காருங்கக்கா. இங்க ஒரே சட்டம்தான். ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க வாயத் திறக்கக் கூடாது. ஆறுதல்கூடச் சொல்லக் கூடாது."

"யார் போட்ட சட்டம்?"

"வேற யாரு, உங்க வீட்டுக்காரர்தான். ஆறுதல் சொன்னா, பேசுறவங்க பாதியிலயே நிறுத்திடுவாங்களாம்."

புதிதாக வந்திருந்த லாரி டிரைவர் பேசினார். பாதியில் நிறுத்தித் துண்டால் முகத்தைத் துடைத்தார். மகளைப் பற்றிச் சொன்னார், மறுபடியும் நிறுத்தினார். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, அவள் கணவன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மனிதனுக்கு இவ்வளவு பொறுமையா? அவளுக்குப் பெருமையாக இருந்தது. கூடவே வயிறும் எரிந்தது.

வீட்டுக்கு நடக்கையில் அவன் உற்சாகமாக இருந்தான். "அவர் தேறிடுவார் பாரு. மனசுல உள்ளதையெல்லாம் கொட்டிட்டாரு."

"கொட்டுறதுக்கு உங்கள மாதிரி ஆளு கிடைச்சாரே. கொடுத்து வச்சவர்."

"என்ன, கிண்டலா?"

"இல்லங்க. பொறாமை."

அவன் நின்றுவிட்டான். முகம் வாடியது, கண்கள் நிறைந்தன. "தப்புதான்மா, நான்..."

அவள் அவன் கையைப் பிடித்து, மூடியிருந்த கடையொன்றின் படியில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிடித்த கையை விடவில்லை.

"மன்னிப்பெல்லாம் எப்பவோ கொடுத்தாச்சுங்க. நான் பட்டதை ஆரம்பத்துலேருந்து சொல்லணும். அழுதாக்கூட பரவாயில்ல. நான் முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாம கேளுங்க."