கருநாக்கு

அன்று சலவைக் கூடத்தில் இருந்தவர்கள்: மேஸ்திரி, மெக்கானிக், இஸ்திரி போடும் அக்கா, அப்புறம் கருநாக்கு என்று பேர் வாங்கியவன். பெரிய துவைக்கும் எந்திரம் நின்று போயிருந்தது.

"காலையிலதான் சொன்னான், இன்னைக்கு இது நின்னுடும்னு. போன மாசமும் அப்படித்தான்," என்றார் மேஸ்திரி. "டேய், இனிமே நீ குடோனுக்குப் போ. மூட்டை தூக்கு."

கருநாக்குக்கு முதுகு ஏற்கெனவே போயிருந்தது. மூட்டை தூக்கினால் அவன் கதை முடிந்தது.

மெக்கானிக் நட்டை முடுக்கியபடி, "தினமும்தானே சொல்றான்? நிக்காத நாள்ல யாராவது காதுல வாங்கினீங்களா?" என்றார்.

தினமுமா சொன்னோம்? கருநாக்கு குழம்பினான். பலித்த இரண்டு நாளும் கண்முன் நின்றன. பலிக்காத ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை. தன் நாக்கின் மேல் அவனுக்கே சந்தேகம் தட்டியது.

எந்திரம் மறுபடி சுற்றத் தொடங்கியது.

"போறப்பவாவது நல்லதா ஒரு வார்த்தை சொல்லுப்பா," என்றாள் அக்கா.

"இனிமே நிக்காதுக்கா."

சொல்லி வாய் மூடவில்லை, எந்திரம் நின்றது. மெக்கானிக்கும் இப்போது அவன் வாயையே பார்த்தார்.

"பாத்தீங்களா!" என்று மேஸ்திரி அவனை வெளியே தள்ளினார்.

'நிக்காதுன்னுதானே சொன்னேன்?' என்று அவன் திரும்புவதற்குள் கதவைச் சாத்தி உள்பக்கமாகப் பூட்டிவிட்டார்கள்.