ஊதச் சொன்னவள்

பஞ்சம்மாளின் மூக்கைப் பற்றிச் சுருளிப்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குடித்தவன் தெருமுனையில் வந்து நின்றால் போதும், என்ன சரக்கு, எப்போது உள்ளே போனது என்பதுவரை வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லிவிடுவாள் என்று. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஊர் ஆம்பிளைகளில் பாதிப்பேர் அவள் எதிரே வந்தால் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவது உண்மை.

அந்த மூக்கு சும்மா வந்ததில்லை. அவள் புருஷன் சுருளியாண்டி குடித்தே ஈரல் கெட்டுச் செத்தவன். கிராம்பை மென்று வாடையை மறைப்பான். வைக்கோலுக்குள் பாட்டிலைச் செருகி வைப்பான். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டால் வெயில் என்பான். அவன் சொன்னதையெல்லாம் அவள் நம்பினாள். நம்பி நம்பி, கடைசியில் பெரியாஸ்பத்திரி கட்டிலில் வயிறு ஊதிக் கிடந்தவனைப் பார்த்தபோதுதான் அத்தனையும் ஒன்றாகப் புரிந்தது. இனி ஒருத்தனையும் நம்புவதில்லை என்று அன்றைக்கு முடிவு கட்டினாள்.

இப்படிப்பட்டவள் தினமும் உயிரை ஒரு டிரைவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார வேண்டியிருந்தது. விடிவதற்கு முன்பே சீனிச்சாமியின் ஜீப் வந்து நிற்கும். ஊர்ப் பெண்களை உள்ளே திணித்துக்கொண்டு கம்பம்மெட்டு மலையேறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். போன மழைக்காலத்தில் வேறு ஊர் ஜீப் ஒன்று வளைவில் உருண்டு நாலு பொம்பிளைகள் போய்ச் சேர்ந்தார்கள். டிரைவர் குடித்திருந்தானாம். பெண்களைக் கூட்டிச் சேர்க்கிற பொறுப்பு பஞ்சம்மாளுடையது. அதனால் அவளுக்கு முன்சீட்டு. அவளை அடுத்துக் கதவோரமாக அவள் தங்கச்சி அன்னத்தாய் உட்காருவாள். மலையேறினால் தலை சுற்றும், காற்று வேண்டும் என்பாள்.

டிரைவர் விஜய்பாண்டி கம்பத்துக்காரன். அதிகம் பேசமாட்டான். பேசாத ஆளைக் கண்டாலே பஞ்சம்மாளுக்கு ஆகாது. புரட்டாசியில் ஒருநாள் மலையடிவாரத்தில் அவள் மூக்கில் அது ஏறியது. லேசாகத்தான். பிராந்தி வாடை.

"தம்பி, இங்கன திரும்பு. ஊது."

அவன் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். பின்னாலிருந்த பெண்களெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவன் முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் ஊதினான்.

கிராம்பு வாசம்.

"எதுக்குக் கிராம்பு?"

"கடவாய்ப்பல்லு வலிக்குதுக்கா."

பல்வலியாம். சுருளியாண்டிக்கும் இதே பல்தான் பத்து வருஷம் வலித்தது. பஞ்சம்மாள் அதை மனதுக்குள் எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு தினமும் ஏறியதும் முதல் வேலை அதுதான். ஊது தம்பி. அவனும் ஊதுவான். பின்சீட்டு நதியாவும் மற்ற பிள்ளைகளும் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள்.

சந்தேகப்பட ஆரம்பித்தவளுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? அவன் கண் பல நாள் சிவந்து கிடந்தது. மலையில் ஒரு குறிப்பிட்ட வளைவு வந்ததும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் பின்பக்கமாகப் போவான், கொஞ்ச நேரம் கழித்து வந்து ஏறுவான். அங்கே எந்தப் புதரில் பாட்டில் இருக்கிறதோ என்று பஞ்சம்மாள் எட்டி எட்டிப் பார்ப்பாள். எல்லாவற்றுக்கும் மேலாக, கார்த்திகை பிறந்தது. அந்த மலைச்சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார்கள். வருஷா வருஷம் தவறாமல் போடுகிற விஜய்பாண்டி இந்த வருஷம் போடவில்லை.

"ஏன் தம்பி மாலை போடல?"

"இந்த வருசம் முடியலக்கா."

"ஏன் முடியல?"

அவன் கியரை மாற்றினான்.

ஏன் முடியாது? மாலை போட்டால் குடியை விட வேண்டும், விட முடியவில்லை, வேறென்ன. அன்று சாயங்காலமே பஞ்சம்மாள் சீனிச்சாமி வீட்டு வாசலில் போய் நின்றாள். அவன் இருந்தால் ஒரு பொம்பிளையும் ஜீப்பில் ஏறாது என்றாள். தினமும் முன்சீட்டில் வாடை அடிக்கிறது, என் மூக்கு பொய் சொல்லாது என்றாள். கூட வந்திருந்த நதியாவும் ஆமாம் என்றாள். சீனிச்சாமி விஜய்பாண்டியைக் கூப்பிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

"நான் குடிக்கலக்கா," என்று மட்டும் அவன் சொன்னான். எதிர்த்த டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சம்மாளுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. இந்த வார்த்தையை எத்தனை தடவை கேட்டவள் அவள்.

அவள் வீட்டிலேயே இருக்கும் அன்னத்தாய் மட்டும் அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். "பாவம்க்கா அந்தப் பையன்," என்றாள். "உனக்கு என்னத்த தெரியும், பேசாமக் கெட," என்று பஞ்சம்மாள் அதட்டினாள்.

புதிதாக வந்த டிரைவர் சீனிச்சாமியின் மச்சான் நல்லகண்ணு. கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசிமாலை, நெற்றி நிறையத் திருநீறு. வாயைத் திறந்தால் சாமி சரணம்தான். பஞ்சம்மாள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

நிம்மதி அடிவாரம் வரைக்கும்தான் இருந்தது. மலையில் ஏறியதும் அதே வாடை.

அவளால் நம்ப முடியவில்லை. மாலை போட்ட சாமியைப் பார்த்து ஊது என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். இருந்தாலும் மூக்கு கேட்கிறதா? அவர் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து மோந்து பார்த்தாள். திருநீறும் வியர்வையும்தான். "என்ன சாமி, தூக்கம் வருதா? நேரா உக்காருங்க," என்றார் நல்லகண்ணு. சரி, போனவன் சீட்டுக்கடியில் சிந்தியிருப்பான் என்று மறுநாள் சீட்டு உறையைக் கழற்றிச் சீயக்காய் போட்டுத் துவைத்தாள். கால்மிதியைத் தூக்கிப் பார்த்தாள். டூல்ஸ் பெட்டியைத் துழாவிக் கையெல்லாம் கிரீஸ் ஆனதுதான் மிச்சம். வாடை போகவில்லை. விஜய்பாண்டி போயும் அவன் வாடை போகவில்லையே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலுக்கு அடியில் வேறு எதுவோ உறுத்தியது. அது என்ன என்று பார்க்க அவள் தயாராக இல்லை.

மெட்டில், செக்போஸ்ட்டுக்கு முன்னால் ஒரு டீக்கடை உண்டு. அங்கே தினமும் வண்டி நிற்கும். அன்றைக்குப் பனி நல்ல அடர்த்தி. பெண்கள் இறங்கிப் போய்க் கையோடு கை உரசிக்கொண்டு டீ குடித்தார்கள். ஒவ்வொரு கிளாஸிலிருந்தும் ஆவி பொங்கிக்கொண்டு போனது. பஞ்சம்மாள் தன் கிளாஸோடு வண்டிக்கு வந்தாள். அன்னத்தாய் வழக்கம்போல இறங்கவில்லை. கடை டீ அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. சளித் தொந்தரவு என்று வீட்டிலிருந்தே பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி கொண்டுவருவாள். கறுப்பாக, பால் இல்லாமல்.

மூடியைத் திறக்கும்போது அவள் கை கிடுகிடுவென்று நடுங்கியது. குளிர் என்றுதான் பஞ்சம்மாள் இத்தனை நாளும் நினைத்தாள். அன்னத்தாய் மூடியில் ஊற்றி மடக்கென்று குடித்தாள். இன்னொரு மூடி. நடுக்கம் நின்றது.

பஞ்சம்மாள் தன் கையிலிருந்த டீயைப் பார்த்தாள். ஆவி முகத்தில் அடித்தது. தங்கச்சி கையிலிருந்த மூடியைப் பார்த்தாள். ஆவியே இல்லை.

"எனக்கு ஒரு வாய் குடு."

"ஆறிப்போச்சுக்கா."

"ஆறிப்போறதுக்கு எதுக்குடி பிளாஸ்க்கு?"

அன்னத்தாய் பிளாஸ்க்கை மாரோடு அணைத்துக்கொண்டாள். பஞ்சம்மாள் பிடுங்கினாள். வாயில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. மூடியைத் திறந்ததும் அவள் புருஷன் எதிரே வந்து நின்றான்.

பிளாஸ்க்கை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாம் அவள் பார்த்ததுதான், எதுவும் புதிதில்லை. பழுத்த காயை விட்டுவிட்டுப் பிஞ்சைப் பறித்துக் கங்காணியிடம் அன்னத்தாய் திட்டு வாங்கியது. தங்கச்சி மானம் போகக்கூடாதென்று இவள் தன் பையிலிருந்து நல்ல காயை அள்ளி அவள் பையில் போட்டது. குளியலறையில் வழுக்கியது என்று சொன்ன கன்றிப்போன காயம். தூக்குவாளியில் அப்படியே திரும்பி வந்த சோறு. ஒன்றுமில்லாத விஷயத்துக்குப் பக்கத்து வீட்டோடு போட்ட சண்டை. இதில் பாதி ஒரு ஆம்பிளையிடம் இருந்திருந்தால் பஞ்சம்மாள் முதல் வாரத்திலேயே பிடித்திருப்பாள்.

"எத்தனை நாளா?"

"போன வருச மழையிலருந்து." அன்னத்தாய் தலையைத் தூக்கவில்லை. "இடுப்பு வலிக்கு ஒத்த மூடி குடின்னு தோட்டத்துல ஒருத்தி குடுத்தா. நல்லாத் தூங்குனேன். பெறகு வலி இல்லாத அன்னிக்கும் தேட ஆரம்பிச்சிருச்சு. விட்ருவோம்னு ரெண்டு மூணு தடவ இருந்து பாத்தேங்க்கா. கை நிக்க மாட்டேங்குது. நெஞ்சு படபடங்குது. ஒரு மூடி ஊத்துனாத்தான் நான் மனுசியா இருக்கேன்."

"அந்தப் பையன் தினமும் எம்முன்னாடி ஊதுனான். நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." அவள் அழவில்லை. "நீ அவன ஊதச் சொல்லும்போதெல்லாம், அடுத்து எம்பக்கம் திரும்புவன்னு நெனப்பேன். பயமாவும் இருக்கும், திரும்புனாத் தேவலன்னும் இருக்கும். நீ திரும்பவே இல்லக்கா. நீ மோந்து பாத்ததெல்லாம் ஆம்பளைகளத்தான்."

அன்று தோட்டத்தில் அக்காளும் தங்கச்சியும் ஒரே பாத்தியில் குனிந்து காய் எடுத்தார்கள். சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று பஞ்சம்மாளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆம்பிளை குடித்தால் குடிகாரன் என்பதோடு விட்டுவிடுகிற ஊர், பொம்பிளை குடித்தால் என்னென்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். போனவன் போனான், அவன் ஆம்பிளை, எங்கேயாவது பிழைத்துக்கொள்வான். இப்படிக்கூட நினைத்தாள். நினைத்த மனதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் வீட்டு வாசலில் இறங்கியதும், "நாளைக்கு வேலைக்குப் போகல. தேனி பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்," என்றாள். "அதுக்கு முன்னாடி கம்பத்துல ஒரு எடத்துக்குப் போகணும்."

அன்னத்தாயை உள்ளே அனுப்பிவிட்டு நேரே சீனிச்சாமி வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் காலை கம்பத்தில் விசாரித்து விசாரித்து ஒரு சந்துக்குள் அந்த வீட்டைக் கண்டுபிடித்தார்கள். கதவைத் திறந்தவள் இளம்பெண். பெயர் கயலாம். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "யாரு வேணும்?" என்றாள்.

"விஜய்பாண்டி தம்பி?"

"உள்ள இருக்காக. காய்கறி மார்க்கெட்டுல மூட்டை தூக்கிட்டு இப்பத்தான் வந்தாக. நீங்க ஜீப்புல வருவீகளா?" அவள் கள்ளமில்லாமல் பேசினாள். "உங்கள எல்லாம் ரொம்பக் காக்க வச்சிருப்பாகளே. மலையில அந்த வளைவு வரைக்குந்தான் டவர் கெடைக்குமாம். அங்கன எறங்கி எனக்குப் போன் பண்ணாம மேல ஏறமாட்டாக. ரெண்டு தடவ தங்காமப் போச்சு, அதான் பயம். ராத்திரியெல்லாம் முழிச்சு உக்காந்திருப்பாக. யாருகிட்டயும் சொல்லிக்க வேணாம்னு நான்தான் சொன்னேன். வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கையில மாலையும் போட வேணாம்னு எங்க ஆத்தா சொல்லிருச்சு."

அந்த வளைவில் தான் எட்டி எட்டிப் பார்த்த புதர்கள் பஞ்சம்மாளுக்கு ஞாபகம் வந்தன.

விஜய்பாண்டி தோளில் துண்டோடு வெளியே வந்தான். அவளைக் கண்டதும் நின்றான். போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. நேராக அவள் எதிரே வந்து, குனிந்து, அவள் முகத்தில் ஊதினான்.

கிராம்பு வாசம் மட்டும்தான் வந்தது. இன்னும் அந்தப் பல் அவனுக்கு வலித்துக்கொண்டிருந்தது.

மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பின்னால் படியில் நின்றிருந்த அன்னத்தாய் அவளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். காலையிலிருந்து ஒரு மூடியும் குடிக்காத உடம்பு உதறிக்கொண்டிருந்தது.

"நீ ஊதாத தம்பி," என்றாள். "ஊத வேண்டியவ நான்."

விஜய்பாண்டி அவள் கையையே பார்த்தான். கயல் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அன்னத்தாயால் சொம்பைப் பிடிக்க முடியவில்லை, தண்ணீர் சேலையில் கொட்டியது. பஞ்சம்மாள் வாங்கிப் புகட்டினாள்.

"சீனிச்சாமிகிட்ட நேத்தே சொல்லிட்டேன்," என்றாள் கடைசியில். "ஜீப்புல எல்லாரு முன்னாடியும் நானே சொல்லுவேன். நீ திரும்பி வரணும் தம்பி."

அவன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். "வாரேன். புள்ள பெறக்கப் போகுது, வராம என்ன செய்ய," என்றான். "ஆனா முன்சீட்டுல நீங்க உக்கார வேணாம்க்கா."

பஞ்சம்மாள் சரி என்று தலையை ஆட்டினாள். அதைவிட அதிகமாக அவன் சொல்லியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள்.

தேனி பஸ்ஸில் தங்கச்சியை ஜன்னலோரம் உட்கார வைத்து, நடுங்கும் இரண்டு கையையும் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். உத்தமபாளையம் வந்தது, சின்னமனூர் வந்தது. கண்டக்டர் சில்லறை கேட்டபோதுகூடப் பஞ்சம்மாள் அன்னத்தாயின் முகத்தை விட்டு வேறு பக்கம் திரும்பவில்லை.