பாக்குப் பழக்கம்: உண்டு

எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும். செவிலிமேட்டில் என் பல் கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு முதலில் திட்டு, பிறகுதான் சிகிச்சை.

தேவேந்திரனுக்கும் அப்படித்தான். பட்டு நெசவாளி. கீழுதட்டின் உள்பக்கம் மூன்று மாதமாக ஆறாத புண், தொட்டால் கெட்டியாக இருந்தது. கேன்சரோ என்று எனக்கே பயம்.

"பாக்கு போடுவீங்களா?"

"தொட்டதே இல்லமா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க."

கேஸ் ஷீட்டை நான் தமிழில்தான் எழுதுவேன். 'பாக்குப் பழக்கம்: உண்டு' என்று எழுதினேன். அவர் மனைவி கிருஷ்ணம்மாள் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டார். சதை எடுத்துச் சோதிக்க மறுவாரம் வரச் சொன்னேன்.

வந்தபோது மனிதர் பாதியாகியிருந்தார்.

"இவ என்னாண்ட பேசியே எட்டு நாளாவுது டாக்டரம்மா. திருட்டுத்தனமா பாக்கு போட்டுக்கினு இருந்தேன்னு நெனைக்கிறா. செத்தாகூட பரவால்ல. பொய் சொல்லிட்டுப் போனான்னு நெனைச்சிக்கினு இருப்பாளே."

எனக்குச் சுருக்கென்றது.

"தறியில வாயால ஏதாவது செய்வீங்களா?"

"ஜரிகை அறுந்தா பிசிறை இப்படிக் கடிச்சித் துப்புவேன்."

செய்து காட்டினார். இல்லாத ஜரிகையைக் கடித்த பல், புண் இருந்த அதே இடத்தில் வந்து நின்றது.

உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே சின்ன எக்ஸ்ரே தகட்டை வைத்துப் படம் எடுத்தேன். திரையில் மயிரிழைபோல வெள்ளைக் கோடுகள். எண்ணினேன், பதினொன்று. எனக்குப் புல்லரித்துவிட்டது.

மரத்துப்போக ஊசி போட்டுக் கீறினேன். ஒவ்வொரு ஜரிகைத் துண்டையும் சுற்றி உடம்பு சதையால் ஓர் உறை கட்டி வைத்திருந்தது. வெளியே தள்ள முடியாததை இவ்வளவு பொறுமையாகப் பொதிந்து வைக்க அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? உப்புநீரில் அலசினேன். எத்தனை நாள் உள்ளே கிடந்ததோ, புதுப் புடவைக் கரைபோலப் பொன்னாக மின்னியது. அளவுகோலை அருகில் வைத்துப் போட்டோ எடுத்து, பெயரெழுதிய குப்பியில் போட்டேன். மறுபடி எக்ஸ்ரே எடுத்து, மிச்சமில்லை என்று பார்த்த பிறகே தையல் போட்டேன். சதைத் துணுக்கு சோதனைக்குப் போனது.

கிருஷ்ணம்மாள் குப்பியை வெகுநேரம் பார்த்தார். "ஜரிகை இருந்தா, பாக்கு போடலன்னு ஆயிடுமா?"

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. கேன்சர் இல்லை, பாக்கினால் வந்த மாற்றம் எதுவும் இல்லை, உலோகத் துண்டுகளால் வந்த புண். இருவர் எதிரிலும் உரக்கப் படித்தேன். தேவேந்திரன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

கேஸ் ஷீட்டில் தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். பழையது படிக்கிற மாதிரியே இருக்க வேண்டும். 'உண்டு' மேல் கோடு போட்டு, 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"மன்னிச்சிடுங்க" என்றேன். எனக்குப் பழக்கமில்லாத வார்த்தை.

கிருஷ்ணம்மாள் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

"நானுந்தான் நம்பல. எனக்கும் ஓரமா எடம் குடுமா."

விதிப்படி கூடாது. பேனாவைக் கொடுத்தேன்.