இருபதடித் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் கேனிலிருந்து வந்தது. ஐந்து லிட்டர் கேன். எழுதுகிற மேசைமேலேயே இருக்கிறது, மூடி திறக்காமல். கொண்டுவந்து வைத்தவன் தண்டாயுதபாணி, என் மனைவி சௌந்திரத்தின் தம்பி. போர்வெல் வண்டியில் டிரில்லர்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: 'நீலக் கடலில் சிதறிய முத்துக்களாய்த் தீவுகள் கிடக்க, அவற்றினூடே தோணி...'

த்தூ! எருமப்பட்டியில் உட்கார்ந்துகொண்டு என்ன பீற்றல்! [அடித்ததை அழிக்கவில்லை. என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும்.]

2

தண்டாயுதபாணிக்குக் கடலே ஆகவில்லை. தீவில் வேலை முடிந்து திரும்பும்போது, சின்ன ரிக் வண்டியை ஏற்றிய தோணி, தீவு தீவாகச் சரக்கு இறக்கித் தூத்துக்குடி வந்துசேர ஆறு நாள். ஆறு நாளும் ரிக்கின் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு வாந்தியெடுத்தான். தென்னையும் வெள்ளை மணலுமாகத் தீவுகள் வந்தன, போயின. ஒன்றையும் அவன் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

காரணம் அவன் போட்ட குழி. ஒரு தீவில், தங்கும் விடுதிக்குப் போர் போட்டான். இருபதடியிலேயே தண்ணீர், குடித்தால் அத்தனை ருசி. எண்ணூறடி இறக்கியும் புழுதி பறப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் அதை நம்புவானா? ஓனருக்குப் போன் போட்டான்.

"இருவதுலயே தண்ணிங்க. நிறுத்திப்போடட்டுங்களா? பக்கத்தூட்டு அம்மா வேண்டாம் வேண்டாம்னு கையாட்டுதுங்க."

"அட போடா! மேல்தண்ணிய நம்பி ஆராச்சும் நிறுத்துவாங்களா? இன்னொரு நூறடி எறக்கு."

இறக்கினான். அந்த மாதிரித் தீவில் நல்ல தண்ணீர் மேலே மெல்லிசாகத்தான் நிற்குமாம். அதற்கடியில் கடல். விடுதி மோட்டார் பதினைந்து நாள் ஓடியதும் சுற்றுக் கிணறுகளெல்லாம் கரித்தன. தினமும் அவனுக்குச் செம்பில் தண்ணீர் நீட்டிய அந்த அம்மாவின் கிணறும்தான். தோணி வந்து அவன் கிளம்பும்போது அவள் வையவில்லை. அந்தக் கிணற்றிலிருந்தே ஒரு கேன் நிரப்பிக் கையில் கொடுத்தாள்.

3

துறைமுகத்தை ஒரு பக்கத்துக்கு வர்ணிக்க எனக்கு ஆசை. கிரேன்கள், வரிசை கட்டிய கன்டெய்னர் லாரிகள், ஹாரன் சத்தம், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே... வேண்டாம். அவன் பார்த்தது ஒரு குழாயை மட்டும். அத்தனை கூட்டத்தில் குனிந்து வயிறு முட்டக் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். வழியில் உப்பளங்களில் குவித்திருந்த உப்பைக் கண்டதும், ரிக் வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கண்ணை மூடிக்கொண்டான்.

4

இங்கே எனக்கொரு சந்தேகம். டிரில்லர் அழுவானா? ஆயிரம் குழி போட்ட கை அது. இந்த ஆளை நான் நம்பலாமா?

[சந்தேகப்பட வேண்டிய ஆள் அவனில்லை. இரண்டாம் பகுதியில் போனில் பேசிய ஓனர் நான்தான். 'ஓனர்' என்று எழுதி ஒளிந்துகொண்டேன்.]

நேராக வீட்டுக்கு வந்தான், கேனை வைத்தான்.

"குழிய சிமென்ட் போட்டு அடைக்கோணும் மாமா. அடைச்சா, மழ பேஞ்சு ரெண்டு மூணு வருசத்துல தெளியுமாம். வண்டிய அனுப்புங்க, நானே போறேன்."

"பாக்கலாம் மாப்ள."

"மொதல்ல ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

நான் குடிக்கவில்லை. கதை எழுத உட்கார்ந்தேன்.

5

மூன்று முடிவு வைத்திருந்தேன். ஒன்றில் அவன் திரும்பிப் போய்க் குழியை அடைக்கிறான். இன்னொன்றில் அந்த அம்மா மன்னிக்கிறாள். மூன்றாவதில் மழை கொட்டோ கொட்டென்று...

சௌந்திரம் படித்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, மழையெல்லாம் நல்லாத்தான் பேயுது. குழிய ஆரு அடைக்கறது?"

வண்டி வாசலில் நிற்கிறது. சாவி என் சட்டைப்பையில். தண்டாயுதபாணி மூன்றாவது நாளாக வண்டியருகே உட்கார்ந்திருக்கிறான், நான் எழுதி முடிப்பதற்காக.

முடிவு உங்களுடையது, எடுத்துக்கொள்ளுங்கள். எது வேண்டுமானாலும் எழுதுங்கள். நீங்கள் எழுதி முடிக்கும்வரை எனக்கும் ஒரு சாக்கு கிடைக்கும்.